வீடியோ பார்த்து லீட் கிட்டார் பழகுகிற ஆட்கள் திருகோணமலையில் இருக்கிறீர்களா? பிக் மாட்டுகிறது, வழி சொல்லுங்கோ

பாலையூற்று_லீட்:

எல்லோருக்கும் வணக்கம். எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கியாயிற்று, சொல்லித்தர ஆள் இல்லை. கோர்ட்ஸ் சொல்லித்தர ஊரில் ஆட்கள் இருக்கிறார்கள், கோயில் பாட்டுக்கும் கோரஸுக்கும் போதுமான அளவு பழக்கிவிடுவார்கள், லீட் (தனியாக மெட்டு வாசிப்பது) என்று வாயைத் திறந்தால் “யூடியூப்பில் இருக்குத் தம்பி, பாருங்கோ” என்பதோடு கதை முடிந்துவிடும்.

சரி, பார்க்கிறேன். போல் கில்பர்ட் 1988இல் செய்த பாட வீடியோ, ஜோன் பெட்ரூச்சி, ஃபிராங்க் கம்பாலே, மார்ட்டி ஃபிரீட்மன், இங்வே மால்ம்ஸ்டீன் என்று பெரிய ஆட்கள் எல்லாரையும் இறக்கி வைத்திருக்கிறேன். பிரச்சினை இதுதான். ஒரு கம்பிக்கு மூன்று நோட் வீதம் ஆறாவது கம்பியிலிருந்து முதலாவது வரை ஏறுகிற ஓட்டம் இருக்கிறதல்லவா, மெட்ரோனோம் (நிமிடத்துக்கு இத்தனை தட்டு என்று ஓடுகிற தாளக் கருவி) 100 வரை வடிவாக வருகிறது, தட்டுக்கு நாலு நோட். 120க்குப் போனால் பிக் (கம்பியை அடிக்கிற சின்னத் தகடு) கம்பிக்குள் மாட்டிக்கொள்கிறது. இடது கையை மட்டும் ஓடவிட்டால் அந்த வேகத்துக்கு ஓடுகிறது, ஆகவே கோளாறு வலது கையில். எந்த வீடியோவைப் போட்டாலும் “மெதுவாகத் தொடங்கு, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டு” என்றுதான் சொல்கிறார்கள். கூட்டிக் கூட்டிப் போய் அதே இடத்தில் வந்து முட்டுகிறேன். யாருக்காவது இப்படி இருந்து பிறகு சரி வந்ததா?

பழைய_பிக்:

தம்பி, நீங்கள் அதிர்ஷ்டக்காரர். தொண்ணூறுகளில் நாங்கள் இதே வீடியோக்களை வீஎச்எஸ் கசெட்டில் பார்த்தோம், அதுவும் கொழும்பில் யாரோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த கசெட்டின் பிரதியின் பிரதி. விரல் இருக்கிற இடத்தில் சரியாக ஒரு வெள்ளைக் கோடு ஓடும். ஒரிஜினல் கசெட்டோடு நோட்டெல்லாம் எழுதின சின்னப் புத்தகம் ஒன்று வருமாம், அதை நாங்கள் கண்ணாலும் காணவில்லை. ஆகவே காதால் கேட்டு, திருப்பி ஓடவிட்டு, திரும்பக் கேட்டு எடுத்தோம். வீட்டில் ஒரே ஒரு டெக், அதுவும் கரண்ட் இருந்தால்தான், ஊரடங்கு என்றால் வேறு போக்கிடமும் இல்லை.

அப்படிக் கஷ்டப்பட்டு எடுத்த ஸ்வீப்பை (பிக்கை ஒரே இழுப்பில் பல கம்பிக்குக் குறுக்கே ஓட்டுவது) எங்கே அடித்தோம் என்று கேளுங்கோ. எங்கேயும் இல்லை. திருவிழா மேடையில் ஏறினால் விடியவிடிய பாட்டு. சனம் கேட்பது பாட்டின் இடையிசையில் வரும் அந்த நாலு நோட் பிசகாமல் வருகிறதா என்றுதான். ஒரு நோட்டைச் சுருதியோடு வளைத்துப் பிடிக்கத் தெரியாத பொடியன் நூற்றியிருபதில் ஓடி என்ன செய்யப் போகிறான்? முதலில் பென்ட் (அந்த வளைப்பு), பிறகு வைப்ரேட்டோ (பிடித்த நோட்டை அசைப்பது). ஓட்டம் தானாக வரும்.

பாலையூற்று_லீட்:

அண்ணா, நீங்கள் சொல்வது விளங்குகிறது, மரியாதையும் இருக்கிறது. ஆனால் நான் கேட்டது பிக் ஏன் மாட்டுகிறது என்று. தானாக வரும் என்றுதான் இவ்வளவு காலமும் எல்லாரும் சொன்னார்கள், வரவில்லை.

கோரஸ்_கிட்டார்:

தம்பி, ஒரு வேலை செய்யுங்கோ. போனை ஸ்லோ மோஷனில் வைத்து வலது கையை மட்டும் எடுங்கோ, முகமும் வேண்டாம் இடது கையும் வேண்டாம். பிறகு ஒரு விஷயத்தை மட்டும் பாருங்கோ: எல்லாக் கம்பி மாற்றத்திலும் மாட்டுகிறதா, ஒன்றுவிட்டு ஒன்றிலா? மாட்டுகிற இடத்தில் கடைசி அடி கீழ் நோக்கியா, மேல் நோக்கியா? அதைச் சொல்லுங்கோ, மிச்சம் கதைப்போம்.

நான் தேவாலயத்தில் வாசிக்கிற ஆள், ஷ்ரெட் என்கிற அதிவேக வாசிப்பெல்லாம் என் பாதை இல்லை. ஆனால் இதே வருத்தம் எனக்கும் இருந்தது, மெட்ரோனோமால் தீரவில்லை.

நிலாவெளி_சீசன்:

நான் சீசனுக்கு ஹோட்டலில் வாசிக்கிறவன், மே தொடங்கினால் செப்டெம்பர் வரை வெள்ளைக்காரர்கள் வருவார்கள், பழைய ரொக் பாட்டுத்தான் கேட்பார்கள். என் அனுபவத்தில் இந்த ஆராய்ச்சியெல்லாம் தேவையில்லை. கில்பர்ட்டே சொல்கிறார், பெட்ரூச்சியே சொல்கிறார், மாறி மாறிக் கீழ் மேல் கீழ் மேல், மெட்ரோனோமைக் கூட்டு. அவர்களைவிட நாங்கள் கெட்டிக்காரர்களா? ஸ்டீவ் வாய் 1990இல் ஒரு கிட்டார் சஞ்சிகையில் பத்து மணித்தியாலப் பயிற்சி என்று எழுதினாரே, அதைப் பார்த்தால் தெரியும் இவர்கள் எவ்வளவு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று. தம்பி இன்னும் உட்காரவில்லை, அவ்வளவுதான்.

கோரஸ்_கிட்டார்:

அண்ணா, அவர்கள் வாசிப்பது உண்மை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தாங்கள் எப்படி வாசிக்கிறோம் என்று அவர்கள் சொல்வதைத்தான் நான் அப்படியே எடுப்பதில்லை. பதினாறு வயதில் கை தானாக ஒரு வழியைக் கண்டுபிடித்துவிட்டது, பிறகு கமராவுக்கு முன்னால் இருத்தி “எப்படிச் செய்கிறீர்கள்” என்று கேட்டால் என்ன சொல்வார்கள்? மெதுவாகத் தொடங்கு என்பார்கள். அது பொய்யில்லை, ஆனால் அந்தக் கை செய்கிற முக்கியமான காரியம் அந்தச் சொல்லுக்குள் இல்லை.

ட்ரோய் கிரேடி என்று ஒரு அமெரிக்கர் இதையே வேலையாக வைத்திருக்கிறார். கிட்டாரிலேயே சின்னக் கமரா பூட்டி, பெரிய ஆட்களைக் கூப்பிட்டு, வலது கையைக் கிட்டத்திலிருந்து படம் எடுத்தார். மால்ம்ஸ்டீனைப் பற்றி அவர் சொன்னதுதான் எனக்குக் கண் திறந்தது. அந்த மனிதர் எல்லா நோட்டையும் கீழ் மேல் என்று அடிக்கிறார் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். உண்மையில் மேல் அடிக்குப் பிறகுதான் கம்பி மாறுகிறார். நோட் கணக்கு ஒத்துவராத இடத்தில், ஏறும்போது பிக்கை அப்படியே அடுத்த கம்பிக்கு இழுத்துவிடுகிறார், இறங்கும்போது ஒரு நோட்டை பிக்கால் அடிக்காமல் இடது விரலால் இழுத்துவிட்டு (புல்-ஓஃப்) கணக்கைச் சரிக்கட்டுகிறார். பாட வீடியோவில் அவர் இதைச் சொல்லித் தரவில்லை. கை மட்டும் எல்லாவற்றையும் காட்டிக்கொண்டுதான் இருக்கிறது.

பாலையூற்று_லீட்:

அக்கா, எடுத்துப் பார்த்தேன். ஒன்றுவிட்டு ஒன்றில்தான் மாட்டுகிறது! ஆறிலிருந்து ஐந்துக்குப் போகையில் மாட்டுகிறது, ஐந்திலிருந்து நாலுக்குச் சும்மா போகிறது, நாலிலிருந்து மூன்றுக்கு மறுபடி மாட்டுகிறது. மாட்டுகிற இடத்தில் கடைசி அடி கீழ் அடி. இவ்வளவு காலமும் கை முழுக்கப் பிழை என்று நினைத்திருந்தேன்.

கோரஸ்_கிட்டார்:

அப்படியென்றால் உங்கள் கையில் பிழையே இல்லை தம்பி, கணக்கில்தான் சிக்கல். ஒரு கம்பிக்கு மூன்று நோட், மாறி மாறி அடித்தால் ஆறாவதில் கீழ்-மேல்-கீழ், ஐந்தாவதில் மேல்-கீழ்-மேல், நாலாவதில் திரும்பக் கீழ்-மேல்-கீழ். கம்பி மாறுகிற இடம் ஒரு தடவை கீழ் அடிக்குப் பிறகும் மறு தடவை மேல் அடிக்குப் பிறகும் வரும். உங்கள் பிக் கொஞ்சம் சரிந்திருக்கிறது, மேல் அடி அடித்தால் அது கம்பிகளுக்கு வெளியே காற்றில் வந்து நிற்கிறது, அங்கிருந்து எந்தக் கம்பிக்கும் போகலாம். கீழ் அடி அடித்தால் இரண்டு கம்பிக்கு நடுவில் புதைந்து நிற்கிறது, வெளியே வர அடுத்த கம்பியைத் தாண்ட வேண்டும். மெதுவாக அடிக்கும்போது மணிக்கட்டு உங்களுக்குத் தெரியாமலே அதைத் தூக்கி வைக்கிறது. வேகத்தில் அதற்கு நேரமில்லை. மெதுவாக எவ்வளவு நேரம் அடித்தாலும் அந்தத் தூக்கி வைக்கிற வேலையைத்தான் பழகுவீர்கள், அது 120இல் உதவாது.

மூன்று வழி இருக்கிறது. ஒன்று, முதல் இரண்டு நோட்டை அடித்து மூன்றாவதை ஹாமர்-ஆன் செய்வது, அதாவது பிக் இல்லாமல் இடது விரலால் தட்டி ஒலிக்க வைப்பது. கீழ், மேல், ஹாமர். அடுத்த கம்பி மறுபடி கீழிலிருந்து தொடங்கும், எல்லா மாற்றமும் மேல் அடிக்குப் பிறகுதான் வரும். இன்றைக்கே செய்து பாருங்கோ. இரண்டு, கம்பாலே செய்வது: கீழ்-மேல்-கீழ் அடித்து, கடைசிக் கீழ் அடியை நிறுத்தாமல் அப்படியே அடுத்த கம்பிக்குள் விழ விடுவது, ஆகவே ஒவ்வொரு கம்பியும் கீழ்-மேல்-கீழ். அவர் 1988இல் செய்த வீடியோ முழுக்க இதுதான், பிக்கின் சரிவையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும். மூன்றாவது, பெட்ரூச்சி மாதிரி எல்லாவற்றையும் கண்டிப்பாக மாறி மாறியே அடிப்பது. அதற்கு மணிக்கட்டு இரண்டு பக்கமும் வெளியேறப் பழக வேண்டும், காலம் எடுக்கும். நீங்கள் ஒரு வீடியோவில் ஒருவரையும் அடுத்ததில் இன்னொருவரையும் பார்த்துக் கலந்துவிட்டீர்கள். அவர்கள் ஒரே நோட்டுக்களை வேறு வேறு கையால் அடிக்கிறார்கள்.

நிலாவெளி_சீசன்:

தங்கச்சி சொல்வதில் விஷயம் இருக்கிறது, சரி. ஆனால் ஒன்று சொல்கிறேன், இந்தச் சரிவு கிரிவு என்று யோசித்துக்கொண்டு வாசித்தால் பாட்டு போய்விடும். ஃபிரீட்மனைப் பாருங்கோ, மணிக்கட்டை உள்ளுக்கு மடக்கி, கையை அந்தரத்தில் வைத்து அடிக்கிறார். எந்த ஆசிரியரும் அப்படிப் பிடிக்கச் சொல்ல மாட்டார். அவருக்கு அது வருகிறது.

கோரஸ்_கிட்டார்:

அதைத்தானே அண்ணா நானும் சொல்கிறேன். ஃபிரீட்மனின் பிடியைப் பிரதி எடுத்தால் கைதான் நோகும். அவரிடம் எடுக்க வேண்டியது இடது கையில் இருக்கிறது, எந்த நோட்டில் போய் இறங்குகிறார் என்பதில். 1993இல் செய்த வீடியோவில் அவர் வேகத்தைப் பற்றி அதிகம் கதைக்கவே இல்லை, பின்னால் ஓடுகிற கோர்டின் எந்த நோட்டைக் குறிவைப்பது என்றுதான் கதைக்கிறார்.

கிண்ணியா_பேஸ்:

இடையில் வருகிறேன், மன்னிக்க வேண்டும். நான் பேஸ் ஆள், பிழைப்புக்குக் கல்யாண வீடியோ எடுத்து எடிட் செய்கிறேன், ஆகவே இந்த ஸ்லோ மோஷன் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் தெரியும்.

சாதாரண வீடியோ செக்கனுக்கு 30 ஃபிரேம். தம்பி அடிக்கிற வேகம் 120இல் தட்டுக்கு நாலு, செக்கனுக்கு 8 நோட். ஒரு நோட்டுக்கு நாலு ஃபிரேமும் முழுதாக இல்லை. கில்பர்ட் தட்டுக்கு ஆறு போட்டால் செக்கனுக்கு 12, நோட்டுக்கு இரண்டரை ஃபிரேம். அதற்குள் பிக் கீழே போய் மேலே வருவதை எப்படிப் பார்ப்பது? வேகத்தைப் பாதியாக்கினாலும் அதே ஃபிரேம்தான் இரண்டு தடவை வரும், புதிதாக ஒன்றும் தெரியாது. பழைய_பிக் அண்ணா பார்த்த வீஎச்எஸ் எங்கள் பக்கத்தில் 25 ஃபிரேம், பாவம். கண்ணுக்குத் தெரியாததைக் காதால் எடுத்தோம் என்று அவர் சொல்வது வீரக்கதை இல்லை, வேறு வழியே இருந்திருக்காது.

கம்பியூட்டரில் பார்க்கிறவர்கள் யூடியூப்பை நிறுத்திவிட்டு முற்றுப்புள்ளி பட்டனை அழுத்தினால் ஒவ்வொரு ஃபிரேமாக முன்னால் போகும், கமா பட்டன் பின்னால் கொண்டுவரும். போனில் உங்கள் கையை எடுப்பதென்றால் 240 ஃபிரேம் இருந்தால் அதில் எடுங்கோ, நோட்டுக்கு 30 ஃபிரேம் கிடைக்கும். ஆனால் வெளிச்சம் வேண்டும். இரவில் எல்ஈடி பல்பின் கீழ் எடுத்தால் படம் மின்னி மின்னி உயிரை வாங்கும், எங்கள் கரண்ட் 50 ஹேர்ட்ஸ், மலிவான பல்ப் செக்கனுக்கு நூறு தடவை மின்னும். பகலில் ஜன்னலோரம், இல்லாவிட்டால் முற்றத்தில் இருந்து எடுங்கோ. கம்பிகள் பாம்பு மாதிரி நெளிந்து தெரிந்தால் பயப்பட வேண்டாம், அது போன் கமரா படத்தை வரிவரியாக எடுப்பதால் வருவது, கம்பி உண்மையில் அப்படி ஆடுவதில்லை.

பாலையூற்று_லீட்:

நானா, இது தங்கமான விஷயம். நான் நேற்று எடுத்தது குசினி பல்பின் கீழ், மின்னியது இதனால்தானா!

அக்கா சொன்ன ஹாமர் வழியைச் செய்து பார்த்தேன். அதே 120இல் போகிறது. கொஞ்சம் மழமழவென்று கேட்கிறது, கில்பர்ட் அடிக்கிற அந்தக் கடகட வரவில்லை, ஆனால் மாட்டவில்லை.

சாம்பல்தீவு_வீணை:

நான் கிட்டார் வாசிப்பதில்லை, வீணை. என் தம்பி கிட்டார் வாங்கிய நாளிலிருந்து வீட்டில் இந்தச் சண்டை கேட்டுக் கேட்டு எனக்கும் ஒரு கருத்து வந்துவிட்டது.

உங்கள் ஆட்கள் மெட்ரோனோமை ஐந்து ஐந்தாகக் கூட்டுகிறார்கள். எங்களுக்கு முதல் நாளிலிருந்தே மூன்று காலம். தாளம் அப்படியே நிற்கும், முதல் காலத்தில் தட்டுக்கு ஒன்று, இரண்டாம் காலத்தில் இரண்டு, மூன்றாம் காலத்தில் நாலு. இரட்டிப்பாகத் தாவுவதால் கை உடனே காட்டிக்கொடுத்துவிடும், முதல் காலத்தில் செய்த விரலசைவு மூன்றாம் காலத்தில் செல்லுமா செல்லாதா என்று. டீச்சர் மூன்றாம் காலத்தைக் கேட்டுவிட்டுத்தான் முதல் காலத்தில் விரலைத் திருத்துவார். தாளத்தை 120இல் வைத்து மூன்றாம் காலம் வாசித்தால் அதுதான் நீங்கள் மாட்டுப்படுகிற அதே வேகம். முதல் நாளே இரண்டு சுரத்துக்கு அந்த வேகத்தைத் தொட்டுப் பாருங்கோ. ஓட்டம் முழுக்க வேண்டாம், கம்பி மாறுகிற அந்த இரண்டு சுரம் மட்டும்.

அதோடு அந்த ஒன்று-இரண்டு-மூன்று-நாலு என்று ஃபிரெட்டில் (கழுத்தின் குறுக்கே இருக்கிற கட்டைகள்) ஏறி இறங்குகிற பயிற்சி எனக்குக் காதுக்கு வேதனையாக இருக்கிறது, வீடே பைத்தியமாகிறது. என் தம்பிக்கு நான் சொல்லிக் கொடுத்தது சரளி வரிசை, எங்கள் ஆரம்பப் பாடம். மாயாமாளவகௌளை ராகம், முதலாவது கம்பியிலேயே: திறந்த கம்பி ச, பிறகு 1, 4, 5, 7, 8, 11, 12ஆவது ஃபிரெட். ஒரே கம்பியில் கை முழுக்க நகரும், சிறிய இடைவெளியும் பெரிய இடைவெளியும் மாறி மாறி வரும், கேட்கவும் சங்கீதமாக இருக்கும்.

பழைய_பிக்:

ஆஹா. இதைத்தான் நான் தேடினேன். அக்கா, அந்த ஐந்து நோட் கூட்டங்களைப் பற்றியும் சொல்லுங்கோ. கிட்டார்காரர் எரிக் ஜோன்சன் ஐந்து ஐந்தாக இறங்குவார், நான் அதை எண்ணிப் பிடிக்க முயன்று தலைவலிதான் மிச்சம்.

சாம்பல்தீவு_வீணை:

எண்ண வேண்டாம் அண்ணா, வாயால் சொல்லுங்கோ. தக தகிட, தக தகிட. ஐந்து வந்துவிட்டது. ஏழு என்றால் தகிட தகதிமி. கிட்டார்காரர் ஜோன் மக்லாஃப்லின் இதற்காகவே கஞ்சிரா செல்வகணேஷோடு சேர்ந்து 2007இல் கொன்னக்கோல் (தாளச் சொற்களை வாயால் சொல்வது) பாட டிவிடி ஒன்று செய்தார், மேல்நாட்டு வாசிப்பாளர்கள் காசு கொடுத்து வாங்கிப் படித்தார்கள். நாங்கள் கோயில் தவில்காரர் வாயிலிருந்து சும்மா கேட்டு வளர்ந்துவிட்டு, கிட்டார் என்றதும் ஒன் ஈ அண்ட் ஆ என்று எண்ணத் தொடங்குகிறோம்.

மக்லாஃப்லின் எழுபதுகளில் நம் வாத்தியக்காரரோடு சேர்ந்து வாசித்த சக்தி குழுவுக்கென்று செய்வித்த கிட்டாரில் ஃபிரெட்டுகளுக்கு நடுவில் பலகையைக் குழித்து வைத்திருந்தார். மால்ம்ஸ்டீன் கிட்டாரிலும் அந்தக் குழி இருக்கிறது என்று என் தம்பி காட்டினான். வீணை வாசிக்கிறவளுக்கு அதில் ஆச்சரியமே இல்லை, மெட்டுகளுக்கு நடுவில் இடம் இருந்தால்தானே கம்பி வசப்படும். மாண்டலின் ஸ்ரீநிவாஸ் எலெக்ட்ரிக் மாண்டலினில் ஐந்து ஒற்றைக் கம்பி போட்டு முழுக் கச்சேரி செய்தாரே, பிரசன்னா எலெக்ட்ரிக் கிட்டாரிலேயே கீர்த்தனை வாசிக்கிறார். தம்பி, உங்கள் பட்டியலில் இவர்கள் ஏன் இல்லை?

பாலையூற்று_லீட்:

அக்கா, அவர்களைப் பார்த்தால் பயமாக இருக்கிறது, அதுதான் இல்லை. மால்ம்ஸ்டீன் வேகம் மட்டும்தான் காட்டுகிறார், இவர்கள் கமகமும் சேர்த்துக் காட்டுகிறார்கள்.

நிலாவெளி_சீசன்:

ஹாஹா, சரியாகச் சொன்னாய் மச்சான்.

ஒரு விஷயம் கேட்கிறேன், வீட்டில் அம்ப் போட்டா பழகுகிறீர்கள், இல்லை சும்மாவா? கரண்ட் வெட்டு நாட்களில், 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் வரை போனதே, நாங்கள் எல்லாரும் அம்ப் இல்லாமல்தான் எலெக்ட்ரிக்கை அடித்தோம். என்னோடு வாசிக்கிற பொடியன் அந்தக் காலத்தில் பயங்கரமாகப் பழகினான். சீசன் திறந்து மேடைக்கு வந்து டிஸ்டோர்ஷனை (சத்தத்தைக் கரகரப்பாக்குகிற எஃபெக்ட்) தட்டினால் நோட்டை விட இரைச்சல்தான் அதிகம். அம்ப் இல்லாமல் அடித்தால் சத்தம் கேட்க வேண்டுமென்று பிக்கை முழு பலத்தோடு அடிக்கப் பழகிவிடுவோம், அடிக்காத கம்பிகள் முனகுவதும் கேட்காது. வீடியோக்களில் பெரிய ஆட்கள் இதைப் பற்றி ஒரு நிமிடம் சொல்லிவிட்டு ஓடிவிடுவார்கள், ஆனால் டிஸ்டோர்ஷனில் வாசிப்பது என்றால் பாதி வேலை சத்தம் வராமல் பார்ப்பதுதான்.

கோரஸ்_கிட்டார்:

இது உண்மை அண்ணா, இதில் உங்களோடு முழுக்க உடன்படுகிறேன். தடிப்பான கம்பிகளை வலது உள்ளங்கையின் ஓரம் மூடியிருக்க வேண்டும். மெல்லிய கம்பிகள் இடது சுட்டுவிரலின் அடிப்பக்கம் சும்மா சாய்ந்து படுப்பதில் அடங்க வேண்டும், அதே விரலின் நுனி மேலே இருக்கிற அடுத்த கம்பியை மட்டாகத் தொட்டுக்கொண்டிருக்கும். இதை ஃபிரேம் ஃபிரேமாகப் பார்த்தாலும் தெரியாது, ஏனென்றால் ஒன்றும் நடக்காததுதான் நடக்கிறது. கழுத்தின் தலைப்பக்கம் சிலர் தலைமுடிப் பட்டி கட்டியிருப்பார்கள், அது அழகுக்கு இல்லை, திறந்த கம்பிகள் முனகாமல் இருக்கத்தான். மைக்கேல் ஏஞ்சலோ பட்டியோ இதற்கென்று ஒரு கருவியே செய்து விற்றார். வீடியோவில் ஏன் இவ்வளவு சுத்தமாகக் கேட்கிறது என்று மண்டையை உடைப்பதற்கு முன் நட் (தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்குகிற கட்டை) பக்கம் ஒரு தடவை பார்ப்பது நல்லது.

கிண்ணியா_பேஸ்:

பட்டி கட்டிக்கொண்டு திறந்த கம்பி வாசிக்க முடியாது என்பதையும் சொல்லிவிடுங்கோ, தம்பி சரளி வரிசையைத் திறந்த கம்பியில் தொடங்கப் போகிறார்.

கோரஸ்_கிட்டார்:

அதுவும் சரி நானா! பட்டி ஓட்டத்துக்கு மட்டும், சரளிக்குக் கழற்றுங்கோ தம்பி.

பாலையூற்று_லீட்:

இன்னொன்று. கம்பி வாங்கிப் போட்டு இரண்டு கிழமையில் கரகரவென்று துரு. கடலுக்கும் எங்கள் வீட்டுக்கும் அவ்வளவு கிட்டவும் இல்லை. விரல் வழுக்கவில்லை, பென்ட் செய்தால் தோல் உரிகிறது.

நிலாவெளி_சீசன்:

இந்த ஊரில் எல்லாருக்கும் அதுதான், உப்புக் காற்று. வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் கம்பியின் அடிப்பக்கமும் சேர்த்துத் துடை, மேலே மட்டும் துடைத்தால் பிரயோசனம் இல்லை, ஈரம் கீழேதான் நிற்கும். சுவரில் மாட்டி வைக்காதே, பையில் போட்டு, சப்பாத்துப் பெட்டியில் வரும் சிலிக்கா பொட்டலங்களைச் சேர்த்து உள்ளே போடு. பூச்சுப் போட்ட கம்பி விலைதான், ஆனால் இங்கே அது கணக்குக்குச் சரிவரும். லொக்கிங் ட்ரெமொலோ (கம்பிகளைப் பூட்டி வைக்கிற, ஆட்டக்கூடிய பிரிட்ஜ்) போட்ட கிட்டார் என்றால் அந்தச் சின்ன ஸ்குரூக்களுக்கு ஒரு துளி எண்ணெய், இல்லாவிட்டால் மாரி முடியும்போது கழற்றவே முடியாது.

பழைய_பிக்:

தம்பி, நான் முதலில் சொன்னதையே பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைக்க வேண்டாம், ஆனால் விடப்போவதும் இல்லை. அந்தத் தங்கச்சி கணக்கை வடிவாக அவிழ்த்துவிட்டார், நல்லது. அந்த ஓட்டத்தை எங்கே போடப் போகிறீர்கள்? கில்பர்ட்டிடம் எனக்குப் பிடித்தது அந்த ஆள் பாட்டு எழுதிப் பாடுகிறவர், வேகத்தைப் பாட்டுக்குள் எங்கே வைப்பது என்று தெரிந்தவர். குத்ரி கோவன் பல காலம் சஞ்சிகைக்கு மற்றவர்களின் வாசிப்பை நோட் நோட்டாக எழுதிக் கொடுத்த மனிதர், அந்தக் காது அவர் வாசிப்பில் தெரிகிறது. வீடியோவில் இருக்கிற ஓட்டத்தைத் தனியாக வெட்டி எடுத்து அறைக்குள் வைத்து அடித்தால் அது அறைக்குள்ளேயே கிடக்கும்.

ஆகவே ஒரு வேலை தருகிறேன். உங்களுக்குப் பிடித்த ஏதாவது பழைய பாட்டின் இடையிசையை எடுங்கோ. புல்லாங்குழலோ வயலினோ வாசிக்கிற பகுதி. அதைக் கிட்டாரில் காதால் எடுங்கோ, டாப் (எந்தக் கம்பி, எந்த ஃபிரெட் என்று இலக்கத்தில் எழுதினது) பார்க்காமல். வளைக்கிற நோட்டுக்கு முதலில் போய்ச் சேர வேண்டிய ஃபிரெட்டை அழுத்திச் சுருதியைக் கேளுங்கோ, பிறகு இரண்டு ஃபிரெட் கீழே வந்து வளைத்து அதே சுருதிக்குக் கொண்டு போங்கோ, சேர்ந்தால்தான் விடுவது. பிறகு அந்த இடையிசை முடிந்து பல்லவிக்குத் திரும்புகிற அரைத் தாளத்தில் உங்கள் மூன்று நோட் ஓட்டத்தைப் போடுங்கோ. ஒரே ஒரு தடவை.

பாலையூற்று_லீட்:

அரைத் தாளத்தில் ஆறு கம்பியும் ஏற முடியாதே அண்ணா, 18 நோட் வருகிறது.

பழைய_பிக்:

அதுதான் கேள்வி. எந்த இரண்டு கம்பி வேண்டும் என்று முடிவு செய்யுங்கோ.

சாம்பல்தீவு_வீணை:

போய் இறங்குகிற சுரத்திலிருந்து பின்னால் எண்ணுங்கோ தம்பி. தாளம் தொடங்குகிற இடமான சமத்தில் பல்லவியின் முதல் சுரம் விழ வேண்டும், அதற்கு முன்னால் எத்தனை சுரம் கொள்ளும் என்று பார்த்து அங்கிருந்து தொடங்குங்கோ. எங்கள் ஆட்கள் கோர்வை வைப்பது அப்படித்தான்.

கிண்ணியா_பேஸ்:

நான் ஒரு ட்ராக் செய்து தருகிறேன், பேஸும் டிரம்ஸும் மட்டும், 96இல், டி மைனர். எட்டு பார் சும்மா ஓடும், பிறகு பல்லவி மாதிரி ஒரு திருப்பம் வரும். பிரசன்னா மாதிரி வேண்டாம், மால்ம்ஸ்டீன் மாதிரியும் வேண்டாம். மெட்ரோனோம் கிளிக் இருக்காது, டிரம்ஸைக் கேட்டு வாசிக்க வேண்டும்.

பாலையூற்று_லீட்:

அனுப்புங்கோ நானா. பதிந்து இங்கேயே போடுகிறேன். அக்கா, வலது கை வீடியோவும் சேர்த்தா?

கோரஸ்_கிட்டார்:

சேர்த்துத்தான். ஜன்னல் பக்கம் இருந்து, 240இல். கீழ் அடிக்குப் பிறகு கம்பி மாறினால் எனக்குத் தெரிந்துவிடும்.

கிண்ணியா_பேஸ்:

ட்ராக்கை வாட்ஸ்அப்பில் பாட்டாக அனுப்பினால் நசுங்கி வரும், டொக்யூமென்டாக அனுப்புகிறேன். நீங்களும் அப்படியே திருப்பி அனுப்புங்கோ, கிட்டாரை மட்டும் தனியாக, ரிவேர்ப் (எதிரொலி எஃபெக்ட்) போடாமல். ரிவேர்ப் போட்டு முனகலை மறைக்கிற வேலையெல்லாம் எடிட் செய்கிறவனிடம் பலிக்காது.